மதினியின் கணக்கு நோட்டு

வெள்ளி, தேவிபட்டினம்

எங்கள் மதினி போய் இந்த ஆடியோடு ஒரு வருசம் ஆகிறது. சேதுக்கரையில் தலைத்திவசம் கொடுத்துவிட்டு, அப்படியே கடற்கரை ஊர்களுக்குப் போய் வரலாம் என்றான் அண்ணன். ஊர் சுற்றிப் பார்க்க இல்லை, வசூலுக்கு. மதினி ஒரு நோட்டை விட்டுப் போயிருக்கிறாள். யார் அவளுக்குத் தரவேண்டும், அவள் யாருக்குத் தரவேண்டும் என்று ஊர்வாரியாக எழுதி, ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் ஒரு வரி குறிப்பும் வைத்திருக்கிறாள். "வருசத்துக்குள்ள முடிச்சிருங்க, இல்லைன்னா நான் வந்து கேப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அண்ணன் கடைசி மாதம் வரை தள்ளிப்போட்டுவிட்டு இப்போது பயப்படுகிறான்.

எனக்கு அவள் மதினி ஆனதெல்லாம் அப்புறம். அதற்கு முன்னால் ராமநாதபுரத்தில் பள்ளிக்கூட விடுதியில் என் பக்கத்துப் பாய். என் அண்ணனைக் காட்டிக் கொடுத்ததே நான்தான் என்று கடைசி வரை என்னைத் திட்டினாள். நாலு பேர் முன்னால் நான் "மதினி, வாங்க" என்பேன், அவளும் "என்ன நாத்தனாரே" என்பாள். கதவைச் சாத்தினால் "ஏடி"தான்.

கருவாட்டு யாவாரம் அவளுக்கு. கடற்கரையில் வாங்கி, பரமக்குடி, மானாமதுரை, மதுரைக் கடைகளுக்குப் போடுவாள். அதற்காகவே ஒரு பழைய ஆம்னி வேன் வாங்கிப் பின்சீட்டைக் கழற்றி எறிந்தாள். இப்போது நாங்கள் போகிற வண்டியும் அதுதான். அண்ணன் ஓட்டுகிறான், நான் முன்னால். கல்லூரியில் படிக்கிற அவர்கள் மகள், எனக்கு மருமகள், பின்னால் ஒரு மெத்தையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வருசமாக லோடு ஏற்றவில்லை, இரண்டு தடவை ஷாம்பூ போட்டுக் கழுவியாயிற்று. நெத்திலி வாடை போகவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டால் கச்சான் காற்று ஒரு பக்கம் புகுந்து வாடையை மறுபக்கம் தள்ளுகிறது, அவ்வளவுதான்.

தேவிபட்டினம் ராமநாதபுரத்திலிருந்து அரை மணி நேரம்கூட இல்லை. நவபாஷாணம் கடலுக்குள்தான் இருக்கிறது. ராமர் பிரதிஷ்டை செய்ததாகச் சொல்லும் ஒன்பது கற்கள் ஒன்பது கிரகங்களுக்கு. தண்ணீருக்குள் இறங்கிச் சுற்றி வருகிறார்கள், நவதானியத்தைப் போடுகிறார்கள். பாக் நீரிணைப் பக்கமாதலால் அலையே கிடையாது. தென்பக்கத்தில் இந்த மாதம் கடல் கொந்தளிக்கும்போது இங்கே குளம்தான். இந்தப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் இங்கே சொல்வார்கள். மதினிக்கு அது பிடிக்காது. "சத்தம் போடாம ஆளை முழுங்குறதும் இதுதான்டி" என்பாள்.

நோட்டில்: "தே.பட்டினம் ஆத்தா, 3,400. அழுவாள். அழுதால் பாதி வாங்கு."

ஆத்தா ஓலைக்கொட்டகையில் சூடைக் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, மருமகளின் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, "மகராசி! வாய் திறந்து ஒரு கெட்ட சொல்லு சொல்லியிருப்பாளா? அம்மன்டி அவ, அம்மன்" என்று அழ ஆரம்பித்தாள். மருமகள் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்போம். எடை குறைந்தது என்று இதே கொட்டகை வாசலில் நின்று அவள் பேசிய பேச்சு பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்டதாக அண்ணனே சொல்லியிருக்கிறான்.

1,700 ரூபாய் தந்தாள். சொல்லி வைத்த மாதிரி.

சனி, சேதுக்கரை – கீழக்கரை

ஆடி அமாவாசை என்றால் சேதுக்கரையில் கால் வைக்க இடமிருக்காது. நல்லவேளை, மதினியின் திதி வேறு நாள். விடியற்காலையில் போய்விட்டோம். அண்ணன் கோத்திரம் தெரியாமல் விழித்தான். "சிவகோத்திரம்னு சொல்லுங்க" என்று ஐயரே எடுத்துக் கொடுத்தார். எள்ளும் தண்ணீரும் இறைத்தான், பிண்டத்தைக் கடலில் விட்டான். கடலைப் பார்த்து நிற்கிற ஆஞ்சநேயரைக் கும்பிட்டோம். திரும்புகிற வழியில் திருப்புல்லாணி. 108 திவ்யதேசங்களில் ஒன்று, ராமர் தர்ப்பைப் புல்லில் படுத்திருக்கிற கோயில். குழந்தை வரம் கேட்டு இங்கே வந்து பாயசம் குடிப்பார்கள். மதினியும் குடித்தாள், மருமகள் பிறந்தாள். அந்தப் பாயசத்துக்கு எவ்வளவு கட்டினார்கள் என்பதுகூட நோட்டின் முன்பக்கங்களில் இருக்கிறது.

பதினோரு மணிக்குக் கீழக்கரை. வள்ளல் சீதக்காதி ஊர். பழைய ஜும்மா பள்ளிவாசலை இறங்கிப் பாருங்கள். கல்தூண்களும் போதிகைகளும் நம் கோயில் கட்டுகிற கையால் கட்டியவை என்று பார்த்த உடனே தெரியும். ஊருக்குள் நுழைந்ததும் அண்ணன்தான் ஆரம்பித்தான்: "செத்தும் கொடுத்தான் சீதக்காதி. நம்மாளு செத்தும் வசூல் பண்ணுறா." காலையில் கடலில் நின்றபோது கலங்காதவன், இதைச் சொல்லிவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

இங்கே கணக்கு வேறு மாதிரி. "லாத்தா. நான் தரவேண்டியது 6,000. வாங்கமாட்டாள். தொதல் வாங்குவதுபோல் கொடு."

லாத்தா என்றால் இங்கே அக்கா. பனையோலைப் பெட்டி முடைகிறவர், வீட்டிலேயே தொதல் என்கிற இனிப்பும் கிண்டி விற்கிறார். மதினி பெட்டி வாங்கப் போய்ப் பழகியது. அவருடைய தங்கை மதுரையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்ததால், கீமோவுக்கு முந்திய ராத்திரிகளில் மதினி அங்கேதான் தங்குவாள். லாத்தாவும் கூடப் போய்விடுவார். ஆகவே அந்த ஒன்றரை வருசத்தை எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் அவர்தான்.

அது தொடங்கியது வயிற்று உப்புசமாக. கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிட்டது என்பாள், அடிக்கடி ஒன்றுக்குப் போவாள், பாவாடை நாடா எட்டவில்லை என்பாள். வாயு என்று நாங்களே ஓமத்திரவத்தையும் பெருங்காயத்தையும் கொடுத்தோம். ஒரு டாக்டர் மாசக்கணக்கில் கேஸ் மாத்திரை எழுதினார். கடைசியில் ஸ்கேன், அப்புறம் சிஏ 125 என்கிற ரத்தப் பரிசோதனை, அப்புறம் மதுரை. சினைப்பையில் புற்று, மூன்றாம் நிலை, வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. இந்தப் புற்று பெரும்பாலும் இப்படித்தான், முற்றிய பிறகுதான் தெரிய வருகிறது. மார்பகத்துக்கு மேமோகிராம், கருப்பை வாய்க்குப் பாப் ஸ்மியர் என்று இருக்கிற மாதிரி இதற்கென்று எல்லாரும் வருசாவருசம் எடுத்துக்கொள்கிற சோதனை கிடையாது. பார்க்க வந்தவர்கள் "முன்னாடியே ஒரு ஸ்கேன் எடுத்திருக்கலாமே" என்று சொல்லும்போதெல்லாம் "எடுத்துட்டு வா, உனக்கும் எடுப்போம்" என்பாள். வந்தவர் வாயை மூடிக்கொள்வார். இதை எழுதுவது பயமுறுத்த அல்ல. நாலு வாரம் விடாமல் உப்புசம் இருந்தால் ஓமத்தை வைத்துவிட்டு மகப்பேறு டாக்டரிடம் போங்கள், அவ்வளவுதான்.

மூன்று கீமோ, ஆபரேஷன், திரும்ப மூன்று கீமோ. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. ஏற்றுகிற இரண்டு மருந்தில் ஒன்று கார்போபிளாட்டின். அதில் இருப்பது பிளாட்டினம்தான் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். "அப்ப நான் இப்ப தங்கத்தைவிட ஒசத்தி. என்னை அடகு வச்சா என்ன தருவான்?" என்று வார்டில் எல்லாரையும் கேட்டிருக்கிறாள்.

லாத்தா சொன்னது எனக்குப் புதிது. முதல் கீமோ முடிந்து மூன்றாவது வாரம், தலையணையில் முடி கொத்தாகக் கிடந்திருக்கிறது. மதினி எழுந்து, அதை ஒரு இழைகூட விடாமல் கூட்டிச் சேர்த்து, செய்தித்தாளில் பொட்டலமாகக் கட்டி, "லாத்தா, முடிக்குப் பாத்திரம் குடுக்குறவன் இந்தத் தெருவுல வருவானா? இதுக்கு ஒரு சின்னக் குண்டானாவது வரும்ல?" என்று கேட்டிருக்கிறாள். இவரும் விளையாட்டாக, வருவான் என்றிருக்கிறார். பொட்டலத்தை ஜன்னலில் வைத்துவிட்டு, அதைப் பார்த்தபடியே உட்கார்ந்து சாயங்காலம் வரை அழுதிருக்கிறாள். சோறு தண்ணி இல்லை. "தொடாதே லாத்தா"ன்னு என்னையும் ஏசினா என்றார்.

அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. சிரித்தபடியே எல்லாத்தையும் தாங்கினாள் என்று போன வாரம்கூட ஒருவர் என்னிடம் சொன்னார். அந்தப் பேச்சைவிட இந்தப் பொட்டலம் எனக்கு வேண்டியிருந்தது.

தொதல்: அரிசிமாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி. எண்ணெய் பிரிந்து சட்டியில் ஒட்டாமல் வருகிற வரை மணிக்கணக்கில் கிண்டவேண்டும். அண்ணன் பத்துக் கிலோ கேட்டான். லாத்தா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இது அவ சொல்லிக் குடுத்த வேலைதானே?" என்றார். நாங்கள் பதில் சொல்லவில்லை. காசை எண்ணாமல் வாங்கி வைத்துக்கொண்டார். இப்போது வேனில் நெத்திலி வாடையோடு தொதல் வாசமும் சேர்ந்துவிட்டது, மருமகள் தலைவலி என்கிறாள்.

ஞாயிறு, வாலிநோக்கம் பக்கம்

ஏர்வாடியைத் தாண்டினால் சீமைக்கருவேலமும் பனையும்தான். வாலிநோக்கம் வந்ததும் உப்பளம். தமிழ்நாடு அரசின் உப்புக் கழகம் 1974-இல் தொடங்கியது, அதன் பாத்திகள் இங்கேதான். ஆடிக் காற்றில் வெள்ளைக் குவியல்கள் மேல் ஓலை மூடி வைத்திருந்தார்கள். கண் கூசுகிறது.

மதினி பிறந்த ஊர் இதற்குப் பக்கத்தில். ஊர் முக்கில் ஒரு வருசத்து வெயிலில் நிறம் போன ஃபிளெக்ஸ் இன்னும் நிற்கிறது. "புற்றுநோயை எதிர்த்துப் போராடிய வீரமங்கைக்குக் கண்ணீர் அஞ்சலி." கல்யாணத்தில் எடுத்த போட்டோ, பின்னணியில் ஏதோ ஒரு சுவிட்சர்லாந்து மலை. அவள் இருந்தால் கேட்கிற முதல் கேள்வி, ஃபிளெக்ஸ் சதுர அடி என்ன விலை என்பதாக இருக்கும். போராட்டம் பற்றி அவளே ஒரு தடவை சொன்னாள்: "நான் எங்கடி போராடுனேன்? நான் படுத்துல்ல கெடந்தேன். மருந்து போராடுச்சு, தோத்துப்போச்சு."

அத்தை, அதாவது அண்ணனின் மாமியார், முற்றத்தில் பனம்பழம் சுட்டுக்கொண்டிருந்தார். பழுத்து விழுகிற காலம் இது. தணலில் புரட்டிக் கறுத்ததும் தோலை உரித்து, நாரோடு சேர்த்துப் பிசைந்து கையில் தந்தார். சப்பிச் சாப்பிட வேண்டும். பல்லிடுக்கில் நார் மாட்டிக்கொண்டு ராத்திரி வரை இருக்கும். அந்த வாசம் பிடிக்காதவர்களுக்குப் பிடிக்கவே பிடிக்காது, பிடித்தவர்களுக்கு ஆடி மாசம் என்றாலே அதுதான்.

இந்த வீட்டில் அந்த நோயின் பேரைச் சொல்லக்கூடாது என்றிருந்தது. "கட்டி", "அந்தச் சீக்கு" என்பார்கள். மகளுக்கே தெரியாது என்பதுபோல் அத்தை நடந்துகொண்டார். மதினியோ கருவாடு விற்க வருகிறவர்களிடம்கூட "எனக்குக் கேன்சர், மீனைச் சீக்கிரம் நிறுத்துப் போடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா வந்ததும் மட்டும் "வாயுதாம்மா" என்பாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மறைத்தார்கள், இரண்டு பேருக்கும் எல்லாம் தெரியும்.

கடைசி ஆறு வாரம் இங்கே, இந்தத் திண்ணைக்குப் பின்னாலுள்ள அறையில்தான் இருந்தாள். வயிற்றில் திரும்பத் திரும்ப நீர் கோத்தது. ராமநாதபுரம் போய் ஊசி போட்டு எடுத்து வருவார்கள், ஒரு வாரத்தில் மறுபடி. வலிக்கு மார்ஃபின் மாத்திரை. இந்தப் பக்கம் மருந்துக்கடைகளில் கிடைக்கவில்லை, அண்ணன் மதுரை போய் வாங்கிவந்தான். போதை மருந்து என்று அத்தை பயந்து, ஒரு ராத்திரி மாத்திரையை ஒளித்துவைத்துவிட்டார். அன்று ராத்திரி நான் இருந்தேன். அவள் போட்ட சத்தம் பற்றி எழுத மாட்டேன். விடியற்காலையில் அத்தையே அரிசிப்பானைக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தார். அதற்கப்புறம் நேரம் தவறவில்லை. வலி உள்ளவருக்கு டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கிற மார்ஃபின் போதைக்கு இழுத்துப் போகாது என்று எங்களுக்கு விளக்கிச் சொன்ன நர்ஸ் அம்மாவுக்குக் கோடி புண்ணியம்.

இன்று அத்தை அதைப் பற்றிப் பேசவில்லை. "அவளுக்குப் பிடிவாதம்யா. சின்னதுல இருந்தே. ஒரு நாளு சாளைக் கருவாடு ரெண்டு கூடுதலா வைக்கலைன்னு ரெண்டு நாளு பேசல" என்றார். கேட்கவே நன்றாக இருந்தது. அப்புறம் பின்கட்டுக்குக் கூட்டிப் போய், தனக்கென்று உப்பிட்டு வைத்திருந்த வாளைக் கருவாட்டைக் காட்டினார். மருமகள் ஒன்றை எடுத்து, செவுளுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்தி முகர்ந்து பார்த்தாள். அங்கே சதை குழைந்தால் உப்பு ஏறவில்லை என்று அர்த்தம், சீக்கிரம் புழு வைக்கும். அது மதினி எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்ததுதான், எனக்கும் தெரியும். "நல்லா இருக்கு அம்மாச்சி" என்றாள்.

நோட்டைப் பற்றி வாயே திறக்க வேண்டாம் என்று அண்ணன் சொல்லியிருந்தான். அதில் "அம்மா, 5,000. கேட்டால் தருவாள், கேட்காதே, ஞாபகத்துக்கு மட்டும்" என்றிருக்கிறது. கிளம்பும்போது அத்தை சேலை முந்தியிலிருந்து முடிச்சை அவிழ்த்துப் பத்து ஐந்நூறு ரூபாய்த் தாள்களை அண்ணன் சட்டைப்பையில் திணித்தார். "வேணாம் அத்தை" என்றான். "அவகிட்ட நான் கடன்பட மாட்டேன்" என்றார்.

திங்கள், பாம்பன் – தனுஷ்கோடி

பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தக்கூடாது. எல்லாரும் நிறுத்துகிறார்கள். நாங்களும் நிறுத்தினோம், போலீஸ் விசில் அடித்ததும் நகர்ந்தோம். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய ரயில் பாலம் பக்கத்திலேயே தெரிகிறது. கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகும். இந்தியாவில் இந்த வகையில் இதுதான் முதல். 1914-இன் பழைய பாலம் அப்படி இல்லை, இரண்டு கைகளாகப் பிரிந்து மேலே விரியும். நாங்கள் ரயிலில் வரும்போது அதன் கட்டைகள் தடதடக்கிறதைக் கேட்டு அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள், பயம் இல்லை என்று சொல்லிக்கொண்டே. புதுசு முடிவதற்குள் அவள் முடிந்துவிட்டாள். அரைகுறையாக நின்ற தூண்களை இதே சாலையில் போகும்போதெல்லாம் பார்த்து, "கான்ட்ராக்ட்டை என்கிட்ட குடுத்திருக்கலாம்" என்பாள்.

தனுஷ்கோடி பற்றி எல்லாரும் எழுதியாயிற்று. 1964 டிசம்பரில் புயல், ரயிலைக் கடல் கொண்டுபோனது, இடிந்த சர்ச், ரயில்வே ஸ்டேஷன் சுவர்கள். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்ட பிறகு காரில் போய்ச் செல்ஃபி எடுத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம். சாலை இல்லாத காலத்தில் மணலில் தள்ளாடிப் போகிற வண்டியில்தான் போக முடியும். நாங்கள் அப்படிப் போனபோது அவள் ஓட்டுநரிடம் ஆளுக்கு இருபது ரூபாய் குறைக்கப் பேரம் பேசி, அது முடிவதற்குள் வேறு கூட்டம் வண்டியில் ஏறிவிட்டது. நாங்கள் பாதித் தூரம் நடந்தோம்.

நோட்டின் கடைசிப் பேர் இங்கே. "தனுஷ்கோடி அக்கா, மீன்கடை. நான் தரவேண்டியது 850." பக்கத்தில் குறிப்பு எதுவும் இல்லை.

ஓலைக்கடை, முன்னால் தகரத்தட்டில் மசாலா தடவிய மீன்கள். தென்பக்கக் கடல் இரைகிறது, பேசுவதே கேட்கவில்லை. அண்ணன் யாரென்று சொன்னதும் அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். நான் அம்மனுக்குத் தயாரானேன்.

"செத்துப்போச்சா?" என்றார். "எப்ப?"

போன ஆடி என்றோம்.

"சீக்கா இருக்குன்னு சொல்லுச்சு. நான் நம்பல. காசு குடுக்காம இருக்கத்தான் சொல்லுதுன்னு நெனச்சேன்." கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "ரொம்பப் பேசும். மாசிக்கருவாட்டுக்கு அது கேட்ட விலை ஒருத்தனும் கேட்க மாட்டான். ஒரு நாள் என் புருசனை, அந்தா அங்க நின்னுக்கிட்டு, கெட்ட வார்த்தையில வஞ்சிருச்சு. அவரு குடிச்சிட்டு என்னை அடிச்சதுக்கு. அதுக்கப்புறம் நான் அதுகூட ஒரு மாசம் பேசல. என் புருசனை நான் வையலாம், அது எப்படி வையலாம்?"

"நியாயம்தான்" என்றேன். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. இந்த நாலு நாளில் நான் தேடியவள் இங்கே, இந்த மீன்தட்டுக்கு முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

அண்ணன் 850 ரூபாயை எண்ணிக் கொடுத்தான். அக்கா திரும்ப எண்ணினார்.

"வாளி?"

"என்ன வாளி?"

"ஊத்துத் தண்ணி எடுக்க ஒரு பிளாஸ்டிக் வாளி வச்சிருந்தேன். மீன் அள்ளிக்கிட்டுப் போறேன், நாளைக்குத் தாரேன்னு வாங்கிட்டுப் போச்சு. வரவே இல்ல. அதுக்கு எரநூறு."

மருமகள் நோட்டை ஒரு தடவை புரட்டினாள். வாளி எங்கேயும் இல்லை. வீட்டில் கொல்லைப்புறத்தில் ஒரு நீல வாளி கிடக்கிறது, அதில்தான் அண்ணன் வேனைக் கழுவினான். யாரும் அதைச் சொல்லவில்லை. அண்ணன் இருநூறைக் கொடுத்தான்.

"உக்காருங்க, சாப்பிட்டுப் போங்க" என்று அக்கா மூன்று இலை போட்டு, பெரிய பாரையாகப் பார்த்து எடுத்து வறுத்துத் தந்தார். மிளகாய்த்தூள் தூக்கலாக இருந்தது, நன்றாகவும் இருந்தது. மருமகள் இரண்டாவது துண்டு வாங்கினாள். எழுந்து கைகழுவியதும், மீனுக்குத் தனியாகக் காசு வாங்கிக்கொண்டார்.